சட்டைக்கு வெளியே கட்டிய பெல்ட்

மகளின் நோவை நான் முதலில் பார்த்தது அவள் சப்பாத்து நாடா கட்டும்போது. குனியும்போது ஒன்றுமில்லை, கட்டி முடித்து நிமிரும்போது இடுப்பில் கை வைத்தாள். "என்ன பிள்ளை, பென்சன் எடுத்திட்டியோ?" என்று கேட்டேன். பகிடி விடுவதைத் தவிர வேறு வேலை தெரியாத ஆள் நான்.

சிந்துஜாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூட ஜிம்னாஸ்டிக் குழுவில், உள்ளங்கை அகல மரச்சட்டத்தின் மேல் நடப்பவள். கொஞ்ச நாளாகச் சட்டத்தில் நிலை தளம்பி ஆடத் தொடங்கியிருந்தாள். முதுகு இன்னும் வளைந்தால் ஆட்டம் நிற்கும் என்றார் கோச். பிள்ளைகளை வரிசையாகப் பின்பக்கம் வில்லாக வளைய வைத்து, வளையாதவளின் இடுப்பில் முழங்காலை வைத்து அழுத்துவார். தாய்தகப்பன்மார் நாங்கள் வாங்குப் பலகையில் இருந்து கைதட்டுவோம். இன்றைக்கு நினைத்தாலும் வாய் புளிக்கிறது. அந்தக் கைதட்டலில் என்னுடையதுதான் பெரிசாகக் கேட்டிருக்கும்.

கொழும்பில் களுபோவிலப் பக்கம் எலும்பு டொக்டர் ஒருவரிடம் காட்டினோம். ஒற்றைக் காலில் நின்று பின்னால் சாயச் சொன்னார். சாய்ந்தாள், உதட்டைக் கடித்தாள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஸ்பொண்டிலோலைசிஸ் (முதுகெலும்பின் பின்வளையத்தில் விழும் மயிரிழை வெடிப்பு) என்றார். வளரும் வயதில் ஓயாமல் பின்னால் வளைக்கப்படும் பிள்ளைகளுக்கு வருவதாம்.

"திரும்ப மரச்சட்டத்தில ஏறலாமோ டொக்டர்?" அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

"இப்ப இறங்கி நில்லுங்கோ. எலும்பு பொருந்தட்டும், பிறகு பாப்பம்."

நெஞ்சுக்குக் கீழிருந்து இடுப்புவரை, தகடுகள் வைத்துத் தைத்த பெல்ட் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். கொழும்பு வெக்கையில் அது உடனேயே நாறத் தொடங்கியது. வியர்வையும் பவுடரும் கலந்து, புளித்த மா மாதிரி ஒரு மணம். கழற்றினால் தோலில் சிவந்த வரிகள். அவள் தன்னையே முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளிப்பாள். உங்கள் பிள்ளைக்கும் இப்படிப் பெல்ட் கட்டியிருந்தால், உள்ளே மெல்லிய பருத்தி பெனியன் போட்டு அடிக்கடி மாற்றுங்கள். நோவைத் தாங்கும் பிள்ளைகூடத் தன் உடம்பின் மேல் வரும் அருவருப்பைத் தாங்காது.

பிறகு இயன்மருத்துவர் நஸ்ரின் மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். வளைவதை விடு, அசையாமல் இருக்கப் பழகு என்றார் அவர். சமநிலை பாதத்தில் இல்லையாம். உடலின் நடுத்தசைகள் (வயிறு, முதுகு, இடுப்பைச் சுற்றிப் பட்டிபோல் தாங்கும் ஆழ்தசைகள்) முதலில் பிடித்தால்தான் பாதம் நிற்குமாம். மூச்சை அடக்காமல் அடிவயிற்றை மெதுவாக இறுக்க வேண்டும். பிறகு தவழும் நிலையில் நின்று ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்ட வேண்டும், முதுகு ஆடக் கூடாது.

துணைக்கு நானும் செய்தேன். என் வண்டி வயிற்றில் அந்தத் தசை எங்கே கிடக்கிறது என்று தேடவே கிழமைக்கணக்காயிற்று. கையைத் தூக்கியதும் கவிழ்ந்து விழுந்தேன். "அப்பா, நீங்கள் கால் உடைஞ்ச ஸ்ரூல்" என்றாள் மகள்.

அது யுத்த காலம். உடம்பில் குண்டு கட்டி வருபவர்களைத் தேடி, காலி நகருக்குப் போகும் பெருவீதியில் ஆமியும் பொலிசும் பஸ்களை மறித்து எல்லாரையும் இறக்குவார்கள். சட்டைக்குள் தகடுகளோடு ஒரு தமிழ்ப் பிள்ளை கிளினிக்குக்குப் போய்வர வேண்டும். மனைவிக்கு நித்திரை இல்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. ஒளித்தால்தானே சந்தேகம்? சட்டைக்கு வெளியே கட்டிவிட்டால்?

"எல்லாரும் பாப்பினம் அப்பா."

"பாக்கட்டும் செல்லம். அதுக்குத்தானே."

பார்த்தார்கள். நாங்கள் பஸ்ஸால் இறங்கியதும் ஆமிக்காரரின் துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. இவ்வளவு நேரமும் என்னோடு கதைத்துக்கொண்டு வந்த மனிதர் என்னைத் தெரியாதவர்போல் விலகி நின்றார். "லெட, லெட" என்றேன். வருத்தம், நோய் என்பதற்குச் சிங்களத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சொல். ஒரு பெண் பொலிஸ் அவளைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனாள். பெல்ட் மட்டும் வெளியே மேசைக்கு வந்தது. ஒருவன் கத்தியால் தையலைப் பிரித்தான். தகடும் ஈரப் பஞ்சும் வெளியே வந்தன. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

திரைக்குப் பின்னால் என் பிள்ளையின் உடம்பில் யாரோ ஒருத்தியின் கை. முன்னால் அவளின் வியர்வைக்கு மூக்கைப் பொத்தும் ஒருவன்.  எல்லாம் என் கெட்டித்தனத்தால் வந்தது.

வெளியே வந்தவள் என்னோடு பஸ்ஸில் ஏறினாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"கையை மேல தூக்கி வச்சிருக்கச் சொன்னவை. மிஸ் சொன்ன மாதிரி இறுக்கிக்கொண்டு நிண்டனான். நான் ஆடேல்லை அப்பா."

கிழிந்த பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் போனோம். பெல்ட் கட்டி மாதக்கணக்காகியிருந்தது, மறுபடி படம் எடுத்தார். எலும்பு பொருந்திவிட்டது, இனிப் பெல்ட் வேண்டாம், பயிற்சியை மட்டும் விடாதே என்றார். அவர் சொன்னபடியால்தான் விட்டோம். நீங்கள் கேட்காமல் கழற்றிவிடாதீர்கள்.

அடுத்த வருடம் மரச்சட்டத்தில் ஏறினாள். இன்னும் கொஞ்சம் வளை என்று கோச் முழங்காலோடு வந்தபோது, "வளைய மாட்டன் சேர்" என்று சொன்னாளாம். அதைக் கேட்டு நான் கைதட்டினேன், வீட்டில்.

போட்டியன்று வாங்கில் இருந்தோம். சட்டத்தில் ஏறுமுன் நடுவருக்கு முன்னால் இரண்டு கைகளையும் உயர்த்தி நிற்பது வழக்கம். முன்பெல்லாம் அதை நான் கவனித்ததே இல்லை, கண் இமைக்கும் நேரம். அன்று அவள் கைகளைத் தூக்கினாள். நடுவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. என் அடிவயிறு தானாக இறுகியது. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. அவள் ஆடவில்லை.

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து "கீழ இருங்கோவன்" என்றபோதுதான், நானும் எழும்பி நிற்பது தெரிந்தது, இரண்டு கைகளையும் தூக்கியபடி.