முனுசாமி அண்ணனும் முப்பத்தெட்டு காலை வணக்கங்களும்

முனுசாமி அண்ணன் காலமான செய்தி, பணி ஓய்வு பெற்ற எங்களுடைய வாட்ஸ்அப் குழுவில் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டது. மாலை நான்கு மணிக்கு அடக்கம் என்று அவர் போனிலிருந்தே மகன் போட்டிருந்தார். நான் பார்த்தது மறுநாள். மேலும் கீழும் முப்பத்தெட்டு காலை வணக்கங்கள். நடுவில் அவர் மரணம். எங்கள் குழுவில் எல்லோரும் அனுப்புவார்கள், யாரும் படிக்கமாட்டார்கள். ஒரு மகானுபாவர் அந்தச் செய்திக்கே கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்.

கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு துணை மின்நிலையத்தில் அண்ணனும் நானும் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தோம். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் அவருக்குப் பொறுக்காது. பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் நிறுத்திவிட்டு வருவார். நாங்கள் சிரிப்போம். சிரிக்க மட்டும் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

என் அம்மா இறந்தபோது நான் யாருக்கும் சொல்லும் நிலையில் இல்லை. அண்ணன்தான் பேருந்து மாறி மாறிப் போய், சித்தேரி மலையில் இருந்த எங்கள் உறவினர் வரைக்கும் நேரில் சொல்லிவிட்டு வந்தார். பாடைக்கும் தோள் கொடுத்தார்.

ஓய்வுக்குப் பின் குழு தொடங்கியது. ஒரே பொங்கல் பானைப் படத்தை இருபது பேர் அனுப்பிய ஒரு நாளில், டீக்கடையில் என் போனை வாங்கிப் பார்த்தார்.

"இதெல்லாம் ஆகாசத்துலயா இருக்குது? எங்கியோ ஒரு கட்டடத்துல மிசினு ராவும் பகலும் ஓடுதுங்க. அது சூடாவாம இருக்க ஏசி வேற, தண்ணி வேற."

"ஒரு வணக்கத்துல என்னங்கண்ணா கரண்டு போயிடும்?"

"ஒன்னுல ஒன்னும் போவாதுங்க. தெனமும் ஊரே போட்டா? கரண்டுல சோறு தின்ன நமக்கே ஒறைக்கலன்னா வேற யாருக்கு ஒறைக்கும்?"

அதையே குழுவிலும் எழுதினார். கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்தன. அருமையான கருத்து என்று பாராட்டிய அட்மின், கூடவே ஒரு சூரிய உதயத்தையும் போட்டார். மூளையை வீட்டில் வைத்துவிட்டு விரலோடு மட்டும் வந்த கூட்டம்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். "உங்க ஆளுங்க ஒருத்தருமே வர்லீங்க. தூக்க ஆளு பத்தாம பக்கத்து வூட்டுக்காரங்கள கூப்புட்டோம்" என்றார் அண்ணி.

மகன் தலை நிமிராமல் சொன்னார்: "நீங்க பாத்திருப்பீங்கன்னுதான் நெனச்சோங்க. நான் சேதி போட்ட அடுத்த நிமிசமே ரோஜாப்பூ அனுப்பியிருந்தீங்களே."

தோட்டத்தில் அவரை அடக்கம் செய்த இடத்துக்குத் தனியாகப் போனேன். மண்மேட்டில் யாரோ போட்ட சாமந்தி மாலை காய்ந்து கிடந்தது. நான் வெறுங்கையோடு நின்றேன்.

போய் வாருங்கள் அண்ணா. என்னை மன்னிக்க வேண்டாம்.