பன்னிரண்டு மரங்கள்

மன அழுத்த ஹார்மோன் இளையவர், முதியவர் நினைவாற்றலை எப்படிப் பாதிக்கிறது என்ற ஆய்வுக்காக, நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கல்லூரி அறையில் எச்சில் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளறடையிலிருந்து ரப்பர் பால் வெட்டும் ஒரு அம்மா வந்தார். வயது அறுபத்தெட்டு. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, அதில் காய்ந்த பால்கறை. பேசும்போதெல்லாம் விரல் நுனியில் ஒட்டியிருந்த பாலை உருட்டிக்கொண்டேயிருப்பார்.

எச்சிலை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு வார்த்தைகளை வாசித்தேன். ஆய்வு விதிப்படி நான் சிரிக்கவில்லை. அவருக்கு நான்குதான் நினைவு வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் பத்து சொல்லியிருந்தார்கள்.

"வயசானா இப்படித்தாம்மா" என்றேன்.

அவர் சட்டென்று எழுந்தார். "வயசா? ஆசுபத்திரி கணக்கா ஒரு அறை, போலீசு கணக்கா ஒரு மூஞ்சி. ஆருக்கு மக்கா ஓர்ம வரும்? நாளைக்குத் தோட்டத்துக்கு வா, காட்டித்தாறேன்."

ஹார்மோன் அளவு நேரத்துக்கு நேரம் மாறும் என்பதால் மறுநாள் அதே நேரத்துக்குப் போனேன். அங்கேயும் முதலில் எச்சிலை எடுத்தேன்.

"ஒரு மரத்துக்கு ஒண்ணு வாசி" என்றார்.

புதிய வார்த்தைகளை வாசித்தேன். பட்டையைச் சீவிக்கொண்டே கேட்டார். பன்னிரண்டாம் மரத்தில் திரும்பி நின்று, கத்தியால் ஒவ்வொரு மரமாகச் சுட்டி, பன்னிரண்டையும் சொன்னார்.

"எழுது."

"அறையில் சொன்னதுதான் கணக்கில் வரும்."

"அப்ப வயசானது எனக்கில்ல, உனக்க அறைக்காக்கும்."

படிவத்தில் நான்கு என்றே போனது. பிறகு எச்சில் முடிவுகள் வந்தன. அறையில், நான் ஒரு வார்த்தைகூட வாசிப்பதற்கு முன்பே, ஹார்மோன் எகிறியிருந்தது. தோட்டத்தில் அதில் பாதிகூட இல்லை.