மாலினேயோவின் சாம்பல் கம்பளி

உலகத்தில் எந்தக் குளிர் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது எங்கள் மாலினேயோதான். தென்துருவத்திலிருந்து கிளம்பும் குளிர்காற்று கேப் டவுனில் கடலைக் கலக்கும், நடுவில் இருக்கிற வறண்ட நிலமெல்லாம் புழுதி கிளப்பும். எங்கள் லெசோத்தோ மலையடிவாரத்துக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ம்மே, ஏறலாமா?" என்று அம்மாவிடம் கேட்பது மாதிரி கேட்கும். அவள் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி இழுத்துத் தும்மிவிட்டு, "சனிக்கிழமை மத்தியானம் வா" என்பாள். அது சனிக்கிழமை மத்தியானம்தான் வரும்.

சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். அவளிடம் உண்மையில் இருந்தது ஒரு பேட்டரி ரேடியோ, கேப் டவுன் ஓட்டலில் படுக்கை விரிக்கிற மகள் லினேயோ, ஒரு சாம்பல் நிறக் கம்பளி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஹா மொதிபே ஊரின் ஆடுகளை ஆறு வருஷம் உயிரோடு வைத்திருந்தாள்.

எங்கள் ஆடுகள் அங்கோரா ஆடுகள். ரோமத்துக்காக வளர்ப்பவை. இலை பழுக்கிற காலத்தில் ரோமம் வெட்டுவோம். வெட்டிய ஆடு என்பது குளித்துவிட்டுத் துண்டைத் தேடுகிற ஆள் மாதிரி. வெயில் அடித்தால் பிழைக்கும். மழையும் காற்றும் சேர்ந்து வந்தால் அரை நாளில் கால் விறைத்துச் சாய்ந்துவிடும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் பாதி மந்தை அப்படிப் போனது. அதற்குப் பிறகுதான் மாலினேயோ புதன்கிழமைதோறும் ரேடியோவில் வட்டார வானிலை கேட்க ஆரம்பித்தாள். வியாழக்கிழமை சிக்னல் கிடைக்கிற குன்றேறி, போனில் மகளைப் பிடிப்பாள்.

"அங்க வடமேற்குக் காத்து அடிக்குதாடி?"

"ஜன்னல் எல்லாம் தடதடன்னு ஆடுதும்மா."

"மழை?"

"நாளைக்குப் பேய்ஞ்சிரும்."

அங்கே மழை என்றால் இங்கே ஒன்றரை நாளில் பனி. இதுதான் அவள் கணக்கு.

கணக்கை ஊருக்குச் சொல்ல அவளுக்கு ஒரு கம்பு இருந்தது. எங்கள் பக்கம் கம்பில் வெள்ளைத் துணி பறந்தால் சோளபீர் தயார். சிவப்பு பறந்தால் இறைச்சி. மேலே மேய்ச்சல் குடிசைகளில் இருக்கிற ஆண்கள் கடவுளைப் பார்க்க மறந்தாலும் அந்தக் கம்புகளைப் பார்க்க மறக்கமாட்டார்கள். மாலினேயோ தன் கம்பை மேட்டின் உச்சியில் நட்டு, குளிர் வருகிறபோதெல்லாம் சாம்பல் கம்பளியை ஏற்றினாள். சாம்பல் என்றால் வெட்டாதே; வெட்டியிருந்தால் மந்தையை வீட்டுக்கு இறக்கு. ஆறு வருஷமும் அது பொய்த்ததில்லை.

இந்த வருஷம் எங்கள் ஊருக்கு ரோமம் வெட்டும் நாள் வெள்ளிக்கிழமை என்று விழுந்திருந்தது. திங்கட்கிழமை லாரி வரும். அன்றைக்கு மூட்டை இல்லாவிட்டால் அடுத்த லாரி குளிர்காலம் முடிந்துதான். வெட்டும் கொட்டகையின் தலைவர் மொக்கெத்தி, மாலினேயோவின் தம்பி. அம்மா செத்த பிறகு அவனை முதுகில் கட்டிக்கொண்டே களை பறித்து வளர்த்தவள் அவள். வியாழக்கிழமை கம்பளி ஏறியதும் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"அக்கா, சனிக்கிழமைதானே வருது? வெள்ளிக்கிழமை வெட்டிட்டா என்ன?"

"வெள்ளிக்கிழமை வெட்டினா சனிக்கிழமைக்குள்ள ரோமம் முளைச்சிருமா? உன் தலையைப் பாரு, பத்து வருஷமாச்சு, ஒண்ணாவது முளைச்சுதா?"

"மூட்டை இல்லேன்னா என்னைத் தலைவர் பதவியிலேருந்து தூக்கிருவாங்க."

"தூக்கட்டும். ஆடு மேய்க்க வா. என் ஒம்பதையும் தர்றேன்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை விடிந்ததும் குதிரையேறி, ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

சாயங்காலம் திரும்பி வருகிறபோது கணவாயிலிருந்தே கம்பைப் பார்த்தாள். சாம்பலைக் காணோம். வெள்ளை பறந்துகொண்டிருந்தது.

கீழே கொட்டகையில் ஊரே குடித்துப் பாடிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணியைப் பார்த்தவர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். கொட்டகை வாசலில் மொக்கெத்தி பீர்ப் பானையோடு நின்று, "அக்கா மறுபடி விசாரிச்சிட்டா. குளிர் கடல் பக்கம் திரும்பிருச்சாம். அவதான் பீர் ஊத்தச் சொன்னா" என்று சொல்லியிருக்கிறான். அவள் பேரைச் சொன்ன பிறகு யார் கேள்வி கேட்பார்கள்? எண்பத்தாறு ஆடுகள் மொட்டையாக நின்றன. அதில் அவளுடைய ஒன்பதும் இருந்தன.

குடித்துப் பாடுகிற ஊருக்கு அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. மேட்டுக்குப் போய், கம்பின் அடியில் சுருண்டு கிடந்த சாம்பல் கம்பளியை எடுத்துக்கொண்டு, வெள்ளைத் துணியை இறக்கினாள். ஓரத்தில் நீலப் பூ. மூலையில் இஸ்திரிப் பெட்டி தீய்த்த பழுப்புத் தழும்பு. அவன் கல்யாணத்துக்கு அவளே வாங்கித் தந்த மேஜை விரிப்பு. கல்யாணத்தன்று அவசரத்தில் தேய்த்துத் தீய்த்தவளும் அவள்தான். துணியை மடித்து மார்போடு, தான் போர்த்தியிருந்த கம்பளிக்குள் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் சோறு இறக்குகிற நேரத்துக்குத் தெற்கே மலை மறைந்தது. முதலில் சாரல், பிறகு காற்று, நாலு மணிக்குப் பனி. மாலினேயோ சோளச் சாக்குகளைக் கிழித்து, வீடு வீடாக ஓடினாள்.

"ஆட்டை உள்ள விடு! கட்டிலுக்கு அடியில விடு! புருஷனை வெளிய தள்ளியாவது அதை உள்ள விடு!"

மற்றவர் ஆடுகளுக்குச் சாக்கு கட்டி முடித்து அவள் வீடு திரும்பியபோது அவளுடையதில் மூன்று விறைத்திருந்தன. நான்காவது, மந்திரி. நாள் முழுக்க அசைபோட்டுக்கொண்டு ஒரு வேலையும் செய்யாத கிடா என்பதால் அந்தப் பேர். அடுப்போரம் அவள் மடியில் தலை வைத்துப் படுத்தது. சாணி எரு இருந்த வரைக்கும் எரித்தாள். எரு தீர்வதற்கு முன்னாலேயே மந்திரியின் வாய் அசைவது நின்றுவிட்டது.

ஊரில் மொத்தம் முப்பத்தொன்று போனது. கணவாயில் பனி மூடியதால் லாரியும் வரவில்லை.

திங்கட்கிழமை ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்தில் கூட்டம். ஆண்கள் தடியோடு வந்தார்கள்.

"ம்மே மாலினேயோ, உன்னை நம்பித்தான் வெட்டினோம்" என்றார் ஏழு ஆட்டை இழந்த லெபூசா. "சாம்பலை ஏன் எறக்கினே?"

"நான் எறக்கலை."

"அப்ப காத்து எறக்கிச்சா? காத்தே வெள்ளையும் கட்டிச்சா?"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பகை இருந்தது. அவள் தம்பியைப் பார்த்தாள். சின்ன வயதில் சர்க்கரை திருடிவிட்டுக் கேட்டதும் உதடு துடிக்க ஒத்துக்கொள்வானே, அந்த உதட்டைத்தான் பார்த்தாள். இதோ சொல்லிவிடுவான் என்றே நினைத்தாள். மொக்கெத்தி எழுந்தான். வைக்கோல் தொப்பியைக் கையில் சுழற்றினான்.

"தப்பா நினைக்காதீங்க, ந்தாத்தே" என்றான் ஊர்த்தலைவரிடம், பவ்யமாக. "அக்காவுக்கு இப்ப கொஞ்சம் மறதி. மாத்திரை வேற சாப்பிடறா. எறக்கினதும் ஞாபகமில்ல, என்கிட்ட சொன்னதும் ஞாபகமில்ல. பெரிய மனசு பண்ணி விட்டுருங்க."

அவளுக்காக மன்னிப்புக் கேட்டான் அவன்!

போர்த்திய கம்பளிக்குள் அவள் கை துணியைத் தொட்டது. எடுத்து உதறியிருந்தால் போதும், அங்கே இருந்த தடிகளில் பாதி அவன் தலையில் இறங்கியிருக்கும். கை வெளியே வரவில்லை. இனிமேல் அந்தக் கம்பை யாரும் பார்க்க வேண்டாம், அவரவர் ஆடு அவரவர் பாடு என்று ஊர்த்தலைவர் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்.

வாசல் தாண்டியதும் அவள் மொக்கெத்தியை நிறுத்தினாள். சுவரோரம் சாய்ந்து நின்ற ஒருத்தனைத் தவிர யாரும் இல்லை.

"இந்தா, உன் மேஜை விரிப்பு. தொவைச்சுட்டேன். தீய்ஞ்ச கறை மட்டும் போகலை."

"அக்கா..."

"அக்காவுக்கு மறதி. நீ யாருன்னே ஞாபகம் வரலை."

ஒன்பது நாள் கழித்து, புதன்கிழமை, ரேடியோ இன்னொரு குளிரைச் சொன்னது. வியாழக்கிழமை லினேயோவும் ஜன்னல் ஆடுவதாகச் சொன்னாள். மாலினேயோ மேட்டுக்குப் போய்ச் சாம்பல் கம்பளியை ஏற்றினாள். பிழைத்த ஆடுகளுக்கு விரல் நுனியளவுகூட ரோமம் வரவில்லை. ஒருவரும் மந்தையை இறக்கவில்லை. சிலர் கம்புக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார்கள்.

இன்றைக்குச் சனிக்கிழமை. இவ்வளவையும் எங்கள் வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் பாதியில் விட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று நாலு பேருக்காவது தெரியட்டும் என்றுதான். சற்று முன் மாலினேயோ சாக்குச் சட்டை போட்ட தன் ஐந்து ஆடுகளை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு இந்த வழியாகப் போனாள். நின்றாள்.

"என்னடா எழுதறே?"

"உங்களைப் பத்திதான், ம்மே. துணியைத் திருப்பிக் குடுத்ததை நான் பார்த்தேன். எல்லாத்தையும் எழுதிட்டேன். நான் உங்களை முழுசா நம்பறேன்."

"அப்படியா?" என்றாள். தெற்கே பார்த்தாள். மலையைக் காணோம். "சரி, உன் ஆடெல்லாம் எங்கே?"

மேலே இருக்கின்றன. பதினொன்றும்.