நோட்டீஸ் வரட்டும்

தையல் மெஷினைத் தவணைக்கு விட்ட அந்தக் கம்பெனிக்காரர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கெட்டவனுக்காவது கொஞ்சம் கூச்சம் இருக்கும். இவர்கள் சட்டை மடிப்புக் கலையாமல், "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே வீட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனவர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதை ஒட்டிய காலம். ராயபுரத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கரி இறக்கும் கூலி. கப்பல் வராத வாரத்தில் என் மெஷின் ஓடினால்தான் சோறு. வண்ணாரப்பேட்டையில் துணி வியாபாரம் செய்த ஒரு பாய், வெட்டிய துணியைக் கட்டாகத் தருவார். சட்டையாகத் தைத்துக் கொடுத்தால் கூலி. மெஷினுக்கு மாதம் எட்டு ரூபாய் வீதம் பதினாறு தவணை. பதினொன்று கட்டி முடித்திருந்தேன்.

பன்னிரண்டாவதில் இடித்தது. ஒன்றாம் தேதி கட்ட வேண்டும், கையில் காசில்லை. நான் பதறவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவளாயிற்றே, பதறுவேனா? ட்ரங்குப் பெட்டியிலிருந்து ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து, தமிழில் அச்சடித்த பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். தவணை தப்பிப் பதினைந்து நாள் ஆன பிறகுதான் கம்பெனி நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் கைக்கு வந்து பத்து நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் மெஷினைத் தொடக்கூடாது. அடேயப்பா, எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பாயிடம் வாங்கிய நாற்பது சட்டையை முடித்தால் இருபத்துநாலாம் தேதி கூலி வந்துவிடும். பதினாறாம் தேதியே நோட்டீஸ் வந்தாலும் எனக்கு நாள் இருந்தது.

பதினாறு போயிற்று. இருபது போயிற்று. நோட்டீஸ் வரவில்லை. இடையில் பாய், சரக்குக் கேட்டவர் இன்னும் பணம் தரவில்லை, இருபத்தொன்பதில் வாங்கிக்கொள் என்றார். சரி என்று தாராளமாகச் சொல்லிவிட்டு வந்தேன். நோட்டீசே வராதபோது பத்து நாள் எங்கே ஆரம்பித்தது? என் வீட்டுக்காரருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"யார்கிட்டயாச்சும் கைமாத்து வாங்கி, பாதி துட்டாச்சும் கட்டிட்டு வா மே. அவனுங்கள நம்பாத."

"நோட்டீஸ் வரட்டும். வந்தப்புறம் பத்து நாளு கீது" என்று அவர் வாயை அடைத்தேன். படித்த திமிர்.

இருபத்தேழாம் தேதி காலையில் கைவண்டியோடு வந்தார்கள். மாதாமாதம் பணம் வாங்கிப்போகும் ஏஜெண்டும், கூட இரண்டு ஆட்களும். ஊசிக்கடியில் ஒரு காலர் பாதி தைத்தபடி இருந்தது. அதை உருவி என் மடியில் போட்டுவிட்டு மெஷினைத் தூக்கினார்கள். நோட்டீஸ் எங்கே என்று வழியை மறித்தேன்.

ஏஜெண்டு சிரித்தான். "அதான் வாங்கிக்கினு கையெழுத்தும் போட்டுட்டியேம்மா. ஆபீசுல கீது, வந்து பாத்துக்க."

தைத்து முடித்த இருபத்துநாலு சட்டையை வாரிக்கொண்டு பாயிடம் ஓடினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் எதுவும் கேட்காமல் பெட்டியைத் திறந்து எட்டு ரூபாய் கொடுத்தார். அப்படியே ஜார்ஜ் டவுனில் இருந்த கம்பெனி ஆபீசுக்கு நடந்தேன்.

மேனேஜர் இங்கிலீஷில் அச்சடித்த ஒரு துண்டுக் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். பதினாறாம் தேதி நோட்டீஸ் பெற்றுக்கொண்டேன் என்று அதில் இருக்கிறதாம். தேதியின் மை வேறு, கீழே இருந்த கையெழுத்தின் மை வேறு. கையெழுத்து என்னுடையதுதான். அப்போதுதான் உறைத்தது. மெஷின் வந்து இறங்கிய அன்று ஏஜெண்டு நாலு காகிதம் நீட்டினான். நாலாவது இந்தச் சின்னத் துண்டு, "மெஷின் வந்து சேந்ததுக்கு ரசீதும்மா" என்றான். பக்கத்து வீட்டுப் பெண்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களெல்லாம் கைநாட்டு. நான் மட்டும் பேனாவைப் பிடித்து, கொம்பும் சுழியுமாக, நாலிலும் போட்டேன். முதல் தவணை கட்டும் முன்பே, பின்னால் தவறப்போகும் தவணைக்கு நோட்டீஸ் வாங்கிவிட்ட புத்திசாலி உலகத்தில் நான் ஒருத்திதான்.

எட்டு ரூபாயை மேஜையில் வைத்து மெஷினைத் திருப்பிக் கேட்டேன். மெஷின் இனி கம்பெனியுடையது என்றார் மேனேஜர். நான் கட்டிய எண்பத்தெட்டு ரூபாயா? அது இத்தனை மாதம் ஓட்டியதற்கு வாடகை. இந்த எட்டு ரூபாயா? அதுவும் இந்த மாதத்து வாடகை, வைத்துவிட்டுப் போகலாம் என்று கையை நீட்டினார். பணத்தைத் திரும்ப அள்ளி முந்தானையில் முடிந்தேன்.

"இதுக்கும் பதினஞ்சு நாள் கழிச்சு நோட்டீஸ் அனுப்பு" என்றேன். "பத்து நாள் தவணை குடு. ஒன் காய்தத்துல அப்டித்தான் போட்டுகீது."

மீதிப் பதினாறு சட்டையைக் கையால் தைத்தேன். விரல் நுனியெல்லாம் ஓட்டை. பாய்க்கு அந்தத் தையல் பிடிக்கவில்லை. பாவம், நல்ல மனுஷர், சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதன்பிறகு துணிக் கட்டு, மெஷின் உள்ளவர்களுக்குப் போயிற்று.

எட்டு ரூபாய் பாக்கிக்கான நோட்டீஸ் மட்டும், நான் ஆபீசுக்குப் போய்வந்த நாளிலிருந்து சரியாகப் பதினாறாம் நாள், ரிஜிஸ்தர் தபாலில் வீடு தேடி வந்தது.