நாலு பேர் தாளம்

கோட்லோப் மேவெஸ் குறி பார்த்தால் காக்காய்கூட நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் என்று எங்கள் பிராண்டன்பர்க் ஊர்ப்படையில் கேலி செய்வார்கள். சுடும்போது இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொள்வார். ஆனால் கதிரடிக்க அவரை விட்டால் ஆள் கிடையாது.

ரை என்னும் தானியக் கதிரை நால்வர் எதிரெதிரே நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் கோலை இறக்கி அடிப்பார்கள். தாளம் பிசகினால் பக்கத்தில் இருப்பவன் மண்டை போய்விடும். தாளம் எண்ணுவது கோட்லோப். அவர் 'நிறுத்து' என்றால் ஓங்கிய கோலும் இறங்காது. அவருக்கு எதிரே எப்போதும் நிற்பவன் தங்கை டோர்ட்டேயின் கணவன் கிறிஷான்.

பிரெஞ்சுக்காரர்கள் பெர்லினை நோக்கி வந்த ஆகஸ்டில் நால்வரும் ஒன்றாகப் படைக்குப் போனார்கள்.

"அவரைப் பத்திரமா கூட்டிட்டு வந்துருண்ணே," என்றாள் டோர்ட்டே.

"என் பக்கத்துலதானே நிப்பான். வேற எங்க போவான்?" என்றார் கோட்லோப்.

சண்டை நடந்த அன்று கொட்டிய மழை, அப்படி ஒரு மழை. மேட்டின் மேலே ஒரு தோட்டச் சுவர்; அதன் பின்னால் பிரெஞ்சுப் படை. முதல் தாக்குதலில் நம் ஆட்கள் சிதறி ஓடி வந்தார்கள். கிறிஷான் மட்டும் திரும்பவில்லை. அவன் சுவரில் ஏறி மறுபக்கம் விழுந்ததை, நால்வரில் ஒருவனான ஹென்னிங் பார்த்திருந்தான்.

மறுபடி ஏறினார்கள். சேறு காலணிகளைப் பிடுங்கிக்கொண்டது. வெடிமருந்து நனைந்துபோய் ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. எதிரே வரிசையாகக் குத்தீட்டிகள். வரிசை தயங்கி நின்றது. இன்னொரு மூச்சு விட்டிருந்தால் ஓடியிருக்கும். கோட்லோப் துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பிக் குழலைப் பிடித்தார். ஹென்னிங்கும் தன் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துச் சுழற்றினான். அதன் கட்டை அவர் காதை உரசிக்கொண்டு போனது.

"டேய், என் காதை விட்டுவைடா. களத்துல நிக்கிற மாதிரி நில்லுங்க. நான் எண்ணுறேன்."

எண்ணினார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் கதிரடிப்பவர்கள்தானே. கேட்டதும் கை தானாக எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அந்த வரிசை சுவரை ஏறிக் கடந்தது. மேடு அன்றே நம் கைக்கு வந்தது.

சுவருக்கு அப்பால் கிறிஷான் கிடந்தான். உயிர் இல்லை. பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் துப்பாக்கிகளைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

கோட்லோப் அவனைப் பார்த்தார். பிறகு, "நிறுத்து," என்றார்.

"கிறிஷானைப் பாத்தியா இல்லையா?" ஹென்னிங் அழுதுகொண்டே கத்தினான்.

"பாத்துட்டேன். நிறுத்து."

ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. லெப்டினன்ட் ஓடி வந்து, "ஏன்யா நின்னுட்டீங்க?" என்றார்.

"மணி உதிர்ந்திருச்சுங்க ஐயா. இனிமே அடிச்சா வெறும் வைக்கோல்தான்."

சுவரின் மறுகோடியில் மற்றவர்கள் சரணடைந்தவர்களை அடிப்பதை வெகுநேரம் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் கோட்லோப் செய்தது எவ்வளவு பெரிது என்று தெரியும். அவரை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

டோர்ட்டேக்கு அது புரியவில்லை. கணவனைக் கொன்றவர்களை அண்ணன் விட்டுவிட்டதை, ஊர் திரும்பிய ஹென்னிங் சொல்லித் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவரும் சமாதானம் சொல்லப் போகவில்லை. குளிர்காலம் வந்தது. கதிரடிப்பில் மூன்று பேர் அடித்த தாளம் நொண்டியது. கோட்லோப் எண்ணவே இல்லை.

ஒரு காலை டோர்ட்டே கிறிஷானின் கோலை எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்தாள். அண்ணனுக்கு எதிரே, அவன் நின்ற இடத்தில் நின்றாள்.

"எண்ணுண்ணே," என்றாள்.