வாசிக்காமல் விட்ட பெயர்

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, மணக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். உப்பு, ஈரம், மண். தின்ற கடன் இன்னும் தீரவில்லை.

திண்டிவனத்துக்கு வெளியே ஆங்கிலிகன் துறவியர் இல்லம் ஒன்றில் மூன்று வருடம் பயிற்சியில் இருந்தேன். ஐந்து பேர். மணி அடித்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிற்றாலயத்துக்கு ஓட வேண்டும். எதிரெதிரே நின்று பைபிள் சங்கீதத்தை மாற்றி மாற்றிச் சொல்வோம். நண்பகல் ஜெபத்தில் நோயாளிகளின் பெயர்களை நோட்டைப் பார்த்து வாசிப்பது என் வேலை.

பக்கத்து நிலத்து அம்மா ஒருநாள் வேலியோரம் வந்து நின்றார். புருஷனை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

“எங்க வூட்டுக்காரரையும் சேத்துக்கோங்க பிரதரு. நாங்க வேற சாமி கும்புடறவங்க, பரவால்லியா?”

“பேரு சொல்லுங்கம்மா.”

“அய்ய, அவரு பேர நான் எப்படிங்க சொல்றது? மலை மேல நிக்கிறாரே, அவரு பேருதான்.”

எந்த மலை, எந்தச் சாமி? மணி அடித்துவிட்டது. பிந்தினால் எல்லோர் முன்னும் முழங்கால் போட வேண்டும். புரிந்தவன்போல் தலையாட்டிவிட்டு ஓடினேன்.

நோட்டில் ஒரு வரியை வெறுமையாக விட்டேன். மறுநாள் கேட்டிருக்கலாம், அதற்குள் அம்மா, “சொன்னீங்களா?” என்றார். “சொன்னேம்மா.” அதற்குப் பிறகு எப்படிக் கேட்பது? ‘பக்கத்து நிலத்துக்காரர்’ என்றாவது வாசித்திருக்கலாம். பெயர் தெரியாதா என்று இல்லத்தின் மூத்த சகோதரர் கேட்பாரே என்று அதையும் விட்டேன். தினமும் அந்த வரி வரும். மூச்சு வாங்குவதுபோல் நிறுத்தி, அடுத்த பெயருக்குத் தாவுவேன்.

அம்மாவின் புருஷன் பிழைத்து வீடு வந்தார். அம்மா ஒரு குண்டான் மல்லாட்டை அவித்து எடுத்து வந்தார். “எல்லாம் நீங்க சொன்னதுதான் பிரதரு.” வாங்கிக்கொண்டேன். பேச்சில்லாத எங்கள் சாப்பாட்டு மேசையில் தோல் உடையும் சத்தம் மட்டும் கேட்டது.

இறுதி வாக்குறுதி கொடுக்கத் துணிவில்லாமல் இல்லத்தை விட்டுக் கிளம்பினேன். திண்டிவனத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தபோது, மாத்திரை வாங்க வந்திருந்த அம்மா ஜன்னலோரம் ஓடிவந்தார்.

“எங்க போனாலும் ஜெபத்துல அவர விட்றாதீங்க.”

சொல்லிவிட்டேன். பெயரே தெரியாது, ஒருநாளும் வாசிக்கவில்லை என்று.

திட்டுவார் என்று காத்திருந்தேன். பஸ் நகர்ந்தது. கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தார்.

“உங்க மணி அடிச்சதும் நான் கொல்லையில நின்னுகினு கை கூப்புவேங்க, இப்ப சொல்றாங்கன்னு. அப்ப, அத்தினி நாளும் நான் மட்டுந்தானா?”