காலியாக விட்ட கட்டம்

சிட்னியில் ஒரு பரம்பரை இதய நோய் கிளினிக்குக்கு நான் எழுதிக் கொடுத்த புரோகிராம், சில குடும்பங்களின் பதிவுகளை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா மூன்றாவது தடவையாகப் போன் எடுத்தார்.

"தம்பி, தாய், தேப்பன், பிள்ளையள் எல்லாரையும் பதிஞ்சனான். திரும்பப் பாத்தா ஒருத்தரும் இல்லை."

"சேவ் அமத்தினீங்களோ?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஓம்."

நேரில் போய், புரோகிராம் செய்வதையெல்லாம் குறித்து வைக்கும் லாக்கைப் பார்த்தேன். அழிந்தவை எல்லாம் எங்கள் ஆட்களின் குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு, உயிருடன் இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்ற கட்டம் காலியாக இருந்தது. ஒரு கட்டம் காலி என்றாலும் முழுக் குடும்பத்தையும் ரோல்பேக் செய்து அழித்துவிடும்படி எழுதியவன் நான்தான். எச்சரிக்கை காட்ட மறந்தவனும் நான்தான்.

"ஏன் கேட்டு நிரப்பேல்லை?"

"சண்டையில காணாமப் போன பிள்ளையைப் பற்றித் தாயிட்ட அதை எப்பிடித் தம்பி கேக்கிறது?"

பிழையை உறுதிப்படுத்த என் குடும்பத்தையே பதிந்தேன். அண்ணாவின் கட்டத்தில் கை நின்றது. காலியாகவே விட்டு சேவ் அமத்தினேன். தேடிப் பார்த்தேன். அப்பா இல்லை, அம்மா இல்லை, நானும் இல்லை.

'தெரியாது' என்று மூன்றாவது தெரிவு ஒன்றைச் சேர்த்தேன். ஐந்து நிமிட வேலை. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, என் குடும்பத்தை விட்டுவிட்டு, இல்லாத ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பதிந்தேன்.